ஆளில்லா வீட்டின் கொடியில் ஒரு சாறம்

கொட்டாஞ்சேனையில் கிளறன்ஸைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவர் இருக்கவேண்டிய நேரத்தில் இருக்கவேண்டிய இடத்தில் அவரைக் கண்டவர்கள் அதைவிடக் குறைவு. கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சிக் கந்தோரில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். அந்தக் கந்தோரில் அவருக்கு இரண்டு கோட்டுகள் இருந்தன. ஒன்று அவர் போட்டுக்கொண்டு வருவது. மற்றது அவருடைய நாற்காலியின் முதுகில் வருடம் முழுக்கத் தொங்குவது. மனேஜர் எட்டிப் பார்த்தால் கோட்டு இருக்கும். கோட்டு இருந்தால் கிளறன்ஸும் எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்று அவர் போய்விடுவார். கிளறன்ஸோ புறக்கோட்டையில் ஒரு தேத்தண்ணிக் கடையின் பின்னறையில் காசு வைத்துக் கடதாசி விளையாடிக்கொண்டிருப்பார்.

இதை அவர் வெட்கப்பட்டு மறைத்தால்கூட மன்னித்துவிடலாம். கலியாண வீட்டில், செத்த வீட்டில், ஞானஸ்நான வீட்டில், நாலு பேர் கூடுகிற எந்த இடத்திலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லுவார். "மூளை வேணும், தம்பி. மாடு மாதிரி இருந்து எழுதுறதுக்கு ஆரும் இருக்கலாம்." கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவருடைய மனைவி பேர்ணடெற் எழும்பிக் குசினிப் பக்கம் போய்விடுவாள்.

எழுபதுகளில் பேக்கரி வாசலில் பாணுக்குக் கியூவில் நின்ற காலத்தில் அவர் தனக்குப் பதிலாகக் குடையை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தார். கியூ குடையைத் தாண்டிப் போனது. பாண் முடிந்தது. கடையும் பூட்டியாயிற்று. குடை மட்டும் மதிலில் சாய்ந்தபடி வரிசையை விடாமல் நின்றது. அன்றைக்குப் பேர்ணடெற் மரவள்ளிக்கிழங்கு அவித்தாள். "பாத்தியா, என்ர குடையில ஒருத்தனும் கை வைக்கேல்ல" என்று அதையும் ஒரு வெற்றியாகச் சொல்லிக்கொண்டே அந்த மனிதர் கிழங்கைத் தின்றார். மாதா கோவிலிலும் அதே கதைதான். இருக்கிற வாங்கில் பொக்கற்றிலிருந்த கைலேஞ்சியை விரித்து இடம் பிடித்துவிட்டு, பூசை முடியும்வரை வெளியே மாமரத்தடியில் சிகரெட் பிடிப்பார். சுவாமியார் கண்டது கைலேஞ்சியை மட்டும்.

ஆனால் பேர்ணடெற்றின் மனதில் ஏறி உட்கார்ந்துகொண்டது பிளாஸ்க்தான். மகள் பிறிஜெற் பிறக்கிறபோது அவள் ஆஸ்பத்திரியில் வலியில் மயங்கிக் கண் விழித்தாள். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் அவர்கள் வீட்டுச் சிவப்புப் பிளாஸ்க் இருந்தது. "உங்கட மாத்தயா வந்திருக்கிறார், இஞ்சதான் எங்கேயோ நிக்கிறார், பிளாஸ்க் இருக்குதானே" என்று நேர்ஸ் மிஸ்ஸி சொன்னாள். பேர்ணடெற் வாசலைப் பார்த்தபடி கிடந்தாள். பின்னேரம்வரை ஒருவரும் வரவில்லை. தொண்டை வறண்டபோது எட்டி அந்தப் பிளாஸ்க்கைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் பிளாஸ்க்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மனிதர் கடதாசி விளையாடப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கணவன்மேல் கோபம் வந்ததே இல்லை. கோபிப்பதற்கு எதிரில் ஓர் ஆள் இருக்கவேண்டும். வந்தது இளக்காரம். அது சத்தம் போடாமல் வந்து, வீட்டில் ஒரு தளபாடம் மாதிரி நிலையாக இருந்துவிட்டது. அவர் பேசினால் கேட்பாள், சாப்பாடு போடுவாள், சேட்டு மினுக்கி வைப்பாள். நம்பமாட்டாள். அவ்வளவுதான்.

ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில் இருந்த அந்த வீடு அவளுடைய சீதன வீடு. தகப்பன் வலன்ரைன் மேஸ்திரி துறைமுகத்துத் தச்சுப் பட்டறையில் வேலை செய்தவர். உடைக்க வந்த கப்பல் ஒன்றின் பர்மாத் தேக்கை ஏலத்தில் எடுத்துத் தன் கையாலேயே கதவும் யன்னலும் செய்து போட்டவர். முன்வாசலுக்கு இரட்டைக் கதவு, மேலே முந்திரிகைக் குலை செதுக்கிய பலகை. பெண் பார்க்க வந்த கிளறன்ஸ் வீட்டார் பெண்ணைப் பார்த்ததைவிடக் கதவைத்தான் கூடப் பார்த்தார்கள். கிளறன்ஸ் அதை விரலால் தட்டிக்கூடப் பார்த்தார். தகப்பன் தன்னை நினைத்துச் செய்த சாமான் என்று பேர்ணடெற்றுக்கு இருந்தவை அந்தக் கதவுகள்தான். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் ஒழுங்கையில் பாதி வீடுகள் எரிந்தபோது அவர்கள் வீடு தப்பியது. அடுத்த மாதமே அவள் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தாள். வருடா வருடம் அதைப் புதுப்பித்ததும் அவள்தான். கிளறன்ஸுக்கு அதுவும் ஒரு பகிடி.

தொண்ணூறுகளின் கடைசியில் கூரையில் கறையான் ஏறியது. கனடாவிலிருந்த பிறிஜெற், "அம்மா, பழசைக் கழட்டிப்போட்டு கொங்கிறீட் பிளேட் அடிச்சு மேல ரெண்டு அறை எடுங்கோ" என்று ஒரே பிடியாக நின்றாள். பேர்ணடெற் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எதை உடைத்தாலும் கதவும் யன்னலும் திரும்ப அந்தந்த இடத்துக்கே வரவேண்டும். மேசன் வேலைக்கு வந்த சிறில் பாஸ் அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "நோனா, இப்ப தேடினாலும் இந்த மரம் கிடைக்காது" என்றார். நிலையோடு சேர்த்துப் பக்குவமாகக் கழற்றி, கூரையில்லாத ஹோலில் அடுக்கி, மழை படாமல் படங்கால் மூடி வைத்தார். வேலை முடியும்வரை புருசனும் மனைவியும் வெள்ளவத்தையில் கிளறன்ஸின் தங்கச்சி மாக்ரெட்டின் தொடர்மாடி பிளட்டில் இருப்பதாக ஏற்பாடு.

வீடு மாறுவதற்கு முன் இன்சூரன்ஸ் ஏஜென்ட் நிலாம் வந்தான். கொட்டாஞ்சேனைச் சந்தியில் குடை திருத்துகிறவரின் மகன். படித்து, கழுத்துப்பட்டி கட்டி, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிற அளவுக்கு வந்தவன். அது போதும் கிளறன்ஸுக்கு அவனைப் பிடிக்காமல் போக.

"அங்கிள், வீட்ட வெறுமையா விட்டுட்டுப் போறதெண்டா கொம்பனிக்குச் சொல்லோணும்" என்றான் நிலாம். "மாசத்துக்கு மேல ஆள் இல்லாம ஈந்தா களவுக்குக் கவர் இல்ல. முன்னுக்கே சொன்னா எழுதித் தருவாங்க. ராவைக்கு ஒரு காவல் ஆள் போடுங்க, கேட்டுக்குப் பூட்டுப் போடுங்க, கழட்டின சாமான் எல்லாத்தையும் ஒரு அறையில வெச்சுப் பூட்டுங்க. அவ்வளவுதான்."

"காவலுக்கு ஆர் வருவினம், தம்பி?" என்று பேர்ணடெற் கேட்டாள்.

"தெமட்டகொடையில றேமண்ட் எண்டு ஒருத்தர் ஈக்கிறார் அன்டி. ரயில்வே யார்ட்ல வோச்சரா இருந்தவர். நம்பிக்கையான மனுசன். நான் கூட்டிவாறன்."

"பாப்பம், பாப்பம்" என்றார் கிளறன்ஸ். அந்தப் "பாப்பம்" எதற்கு என்று பேர்ணடெற்றுக்கு உடனே விளங்கிவிட்டது.

மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையைத் தாண்டியதும் மனிதர் பொங்கினார். "குடை திருத்திறவன்ர மகன் எனக்குப் படிப்பிக்க வந்திட்டான்! காவல்காரனைப் போடுறது எண்டா என்ன அர்த்தம்? இஞ்ச ஆள் இல்லை, வந்து அள்ளிக்கொண்டு போங்கோ எண்டு போர்ட் போடுறதுதானே? போதாக்குறைக்கு அந்த ஆளைப் பொலிசில பதியவும் வேணும். அவன் ஆர், எந்த ஊர், ஏன் வந்தவன் எண்டு ஆயிரம் கேள்வி. இந்த நாளில தமிழனுக்கு இந்த வில்லங்கம் எல்லாம் தேவையோ?"

பொலிஸ் விசயத்தில் அவர் சொன்னது முழுப் பொய்யில்லை. ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் யார் யார் படுக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்திருக்கவேண்டிய காலம் அது. ஆனால் அந்த மனிதர் ஒரு நல்ல காரணத்தைக் கண்டுபிடித்தால் அதற்குப் பின்னால் தன்னுடைய சோம்பலைத்தான் ஒளித்துவைப்பார்.

"அப்ப கொம்பனிக்கு என்ன சொல்லப்போறியள்?"

"ஏன் சொல்லவேணும்? வீடு வெறுமை எண்டாத்தானே சொல்லவேணும்? நான் இதை வெறுமையா விடமாட்டன்."

"ஆர் இருக்கப்போறது? நீங்களோ?"

"இருக்கிற மாதிரி இருக்கும்" என்றார் கிளறன்ஸ். சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார்.

திட்டம் இதுதான். முன்முற்றத்தில் மதிலுக்கு மேலால் தெரிகிற மாதிரி ஒரு கொடி. கொடியில் கிளறன்ஸ் இடுப்பில் உடுக்கிற நீலக்கோடு போட்ட சாறம், ஒரு பெனியன், பேர்ணடெற்றின் ஒரு பிளவுஸ். கூரைக்குப் பதிலாகத் தகரம் போட்ட குசினியில் ரேடியோ, இரவும் பகலும் உரக்கப் பாடியபடி. விறாந்தைப் படியில் ஒரு சோடி செருப்பு. ஒழுங்கைப் பக்கத்துப் படலைக்குப் பூட்டு இல்லை, வெறும் கொளுக்கிதான். வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கினால் உள்ளே ஆளில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடுமாம். இவ்வளவு பெரிய மூளையைத் தாங்கிக்கொண்டு அந்தக் கழுத்து எப்படித்தான் நிமிர்ந்து நின்றதோ தெரியாது.

இந்த நாடகத்துக்கு ஓடித்திரிந்து வேலை செய்யவேண்டியது யார்? பேர்ணடெற். வெள்ளவத்தையிலிருந்து நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் பஸ்ஸில் தினமும் நசுங்கிக்கொண்டு போவாள். பம்பலப்பிட்டியில் இறங்கும் பள்ளிப் பிள்ளைகளின் முதுகுப் பைகள் முகத்தில் இடிக்கும். கொட்டாஞ்சேனையில் இறங்கி, ஒருவரும் உடுக்காத சாறத்தைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நேற்றையதை எடுத்துவிட்டு இன்றையதைப் போடுவாள். சவர்க்காரமும் போடவேண்டும் என்பது கிளறன்ஸின் கட்டளை. "வாசம் வரவேணும், பேர்ணி. சனம் மூக்காலயும் பாக்கும்." அவரோ மாக்ரெட்டின் பல்கனியில் கடற்காற்று வாங்கிக்கொண்டு பேப்பர் படிப்பார். மாக்ரெட் அண்ணனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "அண்ணன்ர மூளை ஒருத்தருக்கும் வராது, மச்சாள்" என்பாள். அந்தக் குடும்பத்தில் இந்தச் சீக்கு ஒருவரோடு நிற்கவில்லை.

வேலைக்காரப் பெடியள் இதைக் கண்டு சிரித்தார்கள். சிறில் பாஸ் கொடியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி, "குட் மோனிங், மாத்தயா" என்று சாறத்துக்கு வணக்கம் வைத்தார். பேர்ணடெற்றும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சாறத்தை நேராக இழுத்துவிட்டாள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குச் சுடுகிறது. முட்டாள்தனம் என்று தெரிந்துகொண்டே அதற்குக் கிளிப் குத்தியது அவளுடைய கைதானே.

சித்திரை வருடப்பிறப்பு வந்தது. பாஸும் பெடியளும் ஊருக்குப் போய்விட்டார்கள். வருடப்பிறப்புக்குப் போன பாஸ்மார் எப்போது திரும்பி வருவார்கள் என்பதை அவர்களுடைய மனைவிமாராலும் சொல்ல முடியாது. பஸ்ஸும் ஒழுங்காக ஓடவில்லை. காலி வீதி வெறிச்சோடிக் கிடந்தது. பேர்ணடெற் நிலாம் சொன்னதை நினைத்து, "அந்த றேமண்டையாவது ரெண்டு கிழமைக்குப் போடுவம்" என்று கெஞ்சினாள்.

"சாறம் கொடியில கிடக்குதோ?"

"கிடக்குது."

"ரேடியோ பாடுதோ?"

"பாடுது."

"அப்ப என்ன? நாங்கள் வீட்டிலதான் இருக்கிறம்" என்றார் கிளறன்ஸ், வெள்ளவத்தையில் வருடப்பிறப்புக் கொக்கிஸ் பலகாரம் கடித்துக்கொண்டு.

பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாளே பேர்ணடெற் போனாள். படலைக் கொளுக்கி ஒழுங்காக மாட்டியிருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சாறம் கொடியில் இருந்தது. வெயிலில் காய்ந்து விறைத்துப் பலகை மாதிரி நின்றது. உள்ளே ஹோலில் படங்கு அழகாக நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. படங்குக்குக் கீழே இருந்த எதுவும் அங்கே இல்லை. முன் கதவு, முந்திரிகைக் குலைப் பலகை, யன்னல்கள், நிலைகள், கறையான் தொடாத கூரை வளைகள், எல்லாம் போயிருந்தன. சீமெந்துத் தூசியில் அவை கிடந்த இடம் மட்டும் சுத்தமாகத் தெரிந்தது.

அவள் அந்தத் தூசியில் அப்படியே இருந்துவிட்டாள். அழுகை வரவில்லை. தகப்பன் இரண்டாம் முறை செத்துப்போன மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டு யோசெப்பின் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள். "என்ன அக்கா, மரக்காலைக்குப் பொலிஷ் அடிக்க அனுப்பின சாமான் இன்னும் திரும்பி வரேல்லையோ?"

"எந்த மரக்காலை?"

"முந்தாநாள் லொறி வந்ததே. மூண்டு பெடியள். கதவெல்லாம் பொலிஷ் அடிக்க அனுப்புறார் மாத்தயா எண்டு சொன்னாங்கள். உள்ளுக்க பாத்து, 'மாத்தயா, இதையும் ஏத்தவா?' எண்டு கேட்டுக் கேட்டுத்தான் ஏத்தினவங்கள். ரேடியோ பாடிச்சுது. சாறம் காஞ்சுது. அண்ணன் குளிக்கிறார் எண்டு நான் நினைச்சன்." யோசெப்பினின் குரல் மெல்லமெல்ல இறங்கியது. "முன் கதவு பாரம் எண்டு எங்கட வீட்டு மனுசனும் போய்க் கைகுடுத்தவர். வெயில் எண்டு நான் பிளேன்ரீயும் ஊத்திக் குடுத்தன், அக்கா. கோப்பையைக் கழுவித்தான் தந்தவங்கள்."

ஒழுங்கை முழுவதும் ஏமாந்திருந்தது. கிளறன்ஸின் மூளை அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. வீட்டில் ஆளில்லை என்று தெரிந்திருந்தால் யோசெப்பின் அந்த லொறிக்கு முன்னால் விழுந்து படுத்து ஊரைக் கூட்டியிருப்பாள். ஆள் இருக்கிறார் என்று நம்பியதால் தேத்தண்ணி கொடுத்தாள்.

செய்தி கேட்டு ஓடிவந்த கிளறன்ஸ் முதலில் கேட்ட கேள்வியைப் பேர்ணடெற் சாகும்வரை மறக்கமாட்டாள். "சாறம் கொடியில கிடந்ததுதானே? பிறகு எப்படி வந்தவங்கள்?"

மறுநாள் நிலாம் வந்தான். கொம்பனியின் ஆட்கள் வருவதற்கு முன் தானே ஒருதரம் பார்த்துவிடலாம் என்று வந்தவன். கூரையில்லாத ஹோலில் நின்று மேலே வானத்தைப் பார்த்தான், கீழே தூசியைப் பார்த்தான்.

"அங்கிள், வீட்டுல ஆள் இல்லாம எவ்வளவு நாள்?"

"ஆள் இல்லாமலோ? ஆர் சொன்னது?" கிளறன்ஸ் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். களவு போன வீட்டுக்கு அவர் கழுத்துப்பட்டி கட்டித்தான் வந்திருந்தார். "நாங்கள் இஞ்சதான் இருந்தம்."

"கூரை இல்லாம?"

"குசினிக்குத் தகரம் இருக்கு. அதுக்க."

"சரி. கேட்டுப் பூட்டு உடைபட்டிச்சா?"

"பூட்டுப் போடேல்ல."

"ஏன் அங்கிள்?"

"ஆள் இருக்கிற வீட்டுக்கு ஆராவது வெளியால பூட்டுவானோ?"

நிலாம் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னான். "ஆள் இல்ல, சொல்லவும் இல்ல எண்டா கவர் இல்ல. ஆள் இருந்தாங்க, பூட்டும் உடைபடல்ல எண்டா, கண்ணுக்கு முன்னால ஏத்தி அனுப்பின சாமானக் களவு எண்டு கொம்பனி எடுக்காது. ரெண்டு பக்கமும் அடைச்சு ஈக்கிது. ஆள் இருந்து, அடிச்சுப் பறிச்சாங்க எண்டா மட்டும்தான் வழி."

இதைச் சொல்லியிருக்கவே கூடாது. கிளறன்ஸின் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் வருவதைப் பேர்ணடெற் கண்டாள்.

"அதைத்தான் சொல்ல வாறன்" என்றார் மனிதர். "என்னைக் கட்டிப்போட்டவங்கள்."

மதிலடியில் நின்ற யோசெப்பின் வாயைப் பிளந்தாள்.

"கட்டிப்போட்டாங்களா? எதால அங்கிள்?"

"கயிறால. அந்தா... அந்தக் கொடிக் கயிறால."

நிலாம் திரும்பி முற்றத்தைப் பார்த்தான். கொடி கட்டியபடியே இருந்தது. சாறம் அசையாமல் தொங்கியது.

"அவங்கள் போன பிறகு திரும்பக் கட்டினது" என்றார் கிளறன்ஸ். சொல்லும்போது குரல் தடுமாறவில்லை. வெட்கம் என்கிற சாமான் அந்த உடம்பில் எந்த இடத்திலும் பொருத்தப்பட்டிருக்கவில்லை. "குசினிக்குள்ள கட்டி வாயையும் பொத்திப்போட்டாங்கள். பேர்ணி வந்துதான் அவிழ்த்துவிட்டவ. கேட்டுப்பார்."

நிலாம் பேர்ணடெற்றைப் பார்த்தான். கெட்ட பெடியன் இல்லை அவன். அவள் எத்தனை வருடமாக ஒரு தவணை பிந்தாமல் கட்டிவருகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். முன் கதவைத் தொட்டுப் பார்த்து, "மாஷா அல்லாஹ், என்ன வேலைப்பாடு" என்று ஒருமுறை சொன்னவனும் அவன்தான். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"அன்டி, நீங்க சொல்லுறத நான் எழுதுவன். மனேஜரோட பேசுவன். பொலிசிலயும் இதையேதான் சொல்லோணும். நீங்க வந்து அவுத்து விட்டீங்களா?"

ஒரு சொல் போதும். "ஓம்" என்றால் கதவு திரும்பி வராது. ஆனால் கதவின் பெறுமதியாவது வரும். வேறு மரம் எடுக்கலாம், வீட்டை மூடலாம், கிறிஸ்மஸுக்கு வருகிற பிறிஜெற்றை வாசலில் நின்று வரவேற்கலாம். "இல்லை" என்றால் ஒன்றுமில்லை. இது பேர்ணடெற்றுக்கு நன்றாக விளங்கியது. பொய் சொல்லப் பயப்படுகிற பெண்ணும் அல்ல அவள். இந்த மனிதருக்காகச் சொன்ன பொய்களுக்குப் பாவசங்கீர்த்தனக் கூட்டில் முழந்தாளிட்டு முழந்தாளிட்டே கால் தேய்ந்திருந்தது. மனேஜருக்குச் சொல்லியிருக்கிறாள், சுவாமியாருக்குச் சொல்லியிருக்கிறாள், "அப்பா எங்கே" என்று கேட்ட மகளுக்கும் சொல்லியிருக்கிறாள். இவர் அங்கே இருந்தார், இங்கே இருந்தார், இப்போதுதான் போனார்.

அவள் கிளறன்ஸைப் பார்த்தாள். அவர் தலையை மெல்ல ஆட்டி, சொல்லு, சொல்லு என்று கண்ணால் தூண்டினார். கை தன்பாட்டில் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தது, கயிற்றுத் தழும்பு இருக்கிற மாதிரி. அந்தத் தடவலைக் கண்டதும் அவளுக்குள் ஏதோ அறுந்துபோயிற்று. இந்த ஆள் வீட்டைக் காத்து நின்றார், அடிபட்டார், கட்டுப்பட்டார் என்று நாளைக்குப் பொலிசிலும் கொம்பனியிலும் இவள் கையெழுத்துப் போட்டுச் சாட்சி சொல்லவேண்டும். பிறகு அவர் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் அந்தக் கதையை அவிழ்ப்பார். வாழ்க்கையில் ஒருநாளாவது இருக்கவேண்டிய இடத்தில் இருந்த மனிதன் என்ற பெயரை இவள் வாயாலேயே வாங்கிக்கொள்வார். வெறும் பிளாஸ்க்கைத் திறந்தவளால் அதைக் கொடுக்க முடியவில்லை.

"ஒருத்தரும் இருக்கேல்ல, தம்பி" என்றாள். "சாறம்தான் இருந்தது."

"உனக்கு விசரோ?" என்று கிளறன்ஸ் கத்தினார். "கையில வந்ததைத் தட்டி விடுறியே!"

"தண்ணியில நனைச்சுக் கொடியில போட்டது நான்தான். அதையும் எழுதும், தம்பி."

நிலாம் ஒன்றும் எழுதவில்லை. பேனையை மூடிப் பொக்கற்றில் வைத்தான். படலைவரை போனவனைப் பேர்ணடெற் கூப்பிட்டாள். "இனிமேல் இந்த வீட்டுக்குக் கவர் இருக்கவேணும் எண்டா என்ன செய்யவேணும்?"

"ஆள் இருக்கோணும், அன்டி. வேற ஒண்டும் இல்ல."

"அப்ப எழுதும். நான் இருக்கிறன்."

அன்று பின்னேரம் அவள் வெள்ளவத்தைக்குத் திரும்பிப் போகவில்லை. யோசெப்பினையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போய்க் களவை நடந்தபடியே சொன்னாள். அதே மேசையில் தன் பெயரையும் பதிந்துவிட்டு வந்தாள். கேட்ட கேள்விகளுக்குச் சிங்களத்தில் பதில் சொன்னாள். கிளறன்ஸ் பயந்த ஆயிரம் கேள்வியில் நாலைந்துதான் கேட்டார்கள். தகரம் போட்ட குசினிக்குள் ஒரு கேம்ப் கட்டிலை விரித்தாள். படலைக்கு உள்பக்கமாகப் பெரிய பூட்டு ஒன்றை மாட்டினாள். ரேடியோவை நிறுத்தினாள். ஒழுங்கை திடீரென்று அமைதியானதும் அயலவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். பேர்ணடெற் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

பாஸ்மார் திரும்பி வந்தார்கள். பிளேட் அடித்தார்கள். முன்வாசலுக்குக் கதவு போட வழியில்லை. சிறில் பாஸ் ஒரு சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டார். "நோனா, கிறிஸ்மஸுக்கு முன்னால ஏதாவது ஒரு கதவு செய்து போடுறன்" என்றார். ஏதாவது ஒரு கதவுதான். அந்தக் கதவு இல்லை. சில இரவுகளில் அதை நினைத்துப் பேர்ணடெற் அழுதாள். "ஓம்" என்று சொல்லியிருக்கலாமோ என்றும் நினைத்தாள். விடிந்தால் அந்த மணிக்கட்டுத் தடவல் நினைவுக்கு வரும். எழும்பி அடுப்பை மூட்டுவாள்.

கிளறன்ஸ் வெள்ளவத்தையிலேயே இருந்தார். கதவில்லாத வீட்டில் படுத்தால் தனக்கு மூச்சு இழுப்பு வருமாம். காலி வீதியில் கண்டவர்களிடமெல்லாம் கள்ளர் தன்னைக் கொடிக் கயிற்றால் கட்டிப்போட்ட கதையைச் சொன்னார். கயிறு நாளுக்கு நாள் மொத்தமாகி வந்தது. மாக்ரெட் மட்டும் நம்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அவர் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். கையில் ஒரு பை வடை. மழை பெய்து ஒழுங்கை சேறாகிக் கிடந்தது. படலையில் நின்று கூப்பிட்டபோது முற்றத்தில் நின்ற யோசெப்பின் வந்து திறந்துவிட்டாள். அவர் விறாந்தையில் ஏறி வாசலில் நின்றார். தட்டுவதற்குக் கதவு இல்லை. சாக்கைத் தட்டினால் சத்தம் வராது. ஆகவே இருமினார். இன்னொருமுறை, கொஞ்சம் உரக்க, இருமினார்.

"ஆரது?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் பேர்ணடெற்.

"நான்தான்."

அவள் குசினியிலிருந்தே சொன்னாள். "காலைத் துடைச்சுப்போட்டு வாங்கோ. வீடு கூட்டிக் கிடக்கு."

கிளறன்ஸ் கீழே பார்த்தார். வாசற்படியில் நாலாக மடித்துப் போட்டிருந்தது அவருடைய நீலக்கோடு போட்ட சாறம். சிறில் பாஸின் சீமெந்துக் காலும் யோசெப்பினின் சேற்றுக் காலும் அதில் பதிந்திருந்தன.

அவர் சப்பாத்தைக் கழற்றி, சாறத்தில் காலைத் துடைத்தார்.